கோயிலும் மலையும் போக மிச்சமுள்ள ஊர்

திருவண்ணாமலையில் ஒழுங்காகப் பராமரிக்கப்படுகிற பழைய கட்டடங்களில் ஒன்று, ஒரு மாட்டுத் தொழுவம். செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்குள் இருக்கிறது. கட்டுவித்தவர் பொறியாளர் அல்ல, அண்ணாமலை சுவாமி என்ற இளம் துறவி. ஆசிரம நிர்வாகத்தைப் பார்த்துவந்த சின்னசுவாமி, ரமணரின் தம்பி, கையைக் கட்டிச் செலவு செய்கிறவர்; சின்னதாக ஒரு கொட்டகை போதும் என்பது அவர் கணக்கு. ரமணரோ தொழுவத்தைப் பெரிதாகவே கட்டச் சொல்லி, அது தன் யோசனை என்பது மட்டும் வெளியே தெரியக் கூடாது என்று அண்ணாமலை சுவாமியிடம் சொல்லிவிட்டார். அஸ்திவாரத்தின் நீளத்தைப் பார்த்துச் சின்னசுவாமி கொதித்ததையும், தான் வாயைத் திறக்காமல் வசவு வாங்கிக்கொண்டதையும் அண்ணாமலை சுவாமி முதுமையில் விவரமாகச் சொல்லியிருக்கிறார். அது புத்தகமாகவும் வந்திருக்கிறது.

அந்தத் தொழுவத்தில் இன்றும் மாடுகள் நிற்கின்றன. வருகிறவர்களுக்கு லட்சுமி என்ற பசுவின் கதை தெரியும். 1926இல் கன்றாக வந்தது. ஆசிரமத்தில் அப்போது மாடு கட்ட வசதியில்லாததால் ஊருக்குள் ஒருவர் வீட்டில் வளர்ந்தது. பிறகு காலையில் தானாகவே நடந்து ஆசிரமத்துக்கு வந்து, மாலையில் வீடு திரும்பியது. 1948 ஜூன் 18 அன்று அது இறந்தபோது சமாதி வைத்தார்கள். ஆக, கட்டடம் ஒன்று, அதற்குள் நடக்கிற வேலை ஒன்று, அதைப் பற்றிச் சொல்ல ஒரு கதை. மூன்றும் கூடியிருப்பதால் தொழுவம் நிற்கிறது. இதே ஊரில் இதைவிடப் பல தலைமுறை மூத்த, வேலைப்பாட்டில் எத்தனையோ மடங்கு உயர்ந்த கருங்கல் மண்டபங்கள் கூரையில் அரசங்கன்று முளைத்துக் கிடக்கின்றன. இந்த உரை அந்த வித்தியாசத்தைப் பற்றியது.

கோயிலுக்குக் காவல் உண்டு. கிருஷ்ணதேவராயர் தொடங்கித் தஞ்சை சேவப்ப நாயக்கர் முடித்த 217 அடி ராஜகோபுரத்தை யாரும் மறந்துவிட முடியாது. 2002இல் மத்திய தொல்லியல் துறை கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக அறிவித்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள முனைந்தது. ஊரே எதிர்த்து எழுந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, கடைசியில் அரசு பின்வாங்கிக் கோயில் அறநிலையத் துறையிடமே திரும்பியது. 2023இல் ராஜகோபுரத்துக்கு எதிரே வணிக வளாகம் கட்டும் திட்டமும் உயர் நீதிமன்றப் படியேறிக் கைவிடப்பட்டது. இரண்டு முறையும் யார் சொன்னது சரி என்பது வேறு விவாதம். கவனிக்க வேண்டியது, கேட்பதற்கு ஆள் இருந்தது. மாட வீதியில் இரண்டு கட்டு வீடு ஒன்று இடிபட்டு லாட்ஜ் எழும்பும்போது கேட்பதற்கு யாரும் இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றுவதுகூட இல்லை.

ஊரின் அமைப்பைப் பார்க்க நல்ல இடம் கந்தாசிரமத்துக்கு ஏறும் பாதை. அங்கிருந்து பார்த்தால் ஒன்பது கோபுரங்களும், அவற்றைச் சுற்றி நீள்சதுரமாக மாட வீதிகளும், அதற்கப்பால் ஒழுங்கு குலைந்து பரவிய கான்கிரீட்டும் ஒரே பார்வையில் கிடைக்கும். கோயில் மதிலின் உயரமும் தடிமனும் பக்திக்கு மட்டும் தேவைப்பட்டவை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் இந்தக் கோயிலைக் கோட்டையாகவே பார்த்தார்கள். 1767 செப்டம்பரில் கர்னல் ஸ்மித்தின் படையும் ஹைதர் அலி, நிஜாம் இருவரின் கூட்டுப் படையும் இந்த ஊர்ப்பக்கம்தான் மோதின. 1790 வாக்கில் திப்பு வந்தார். இத்தனை படைகள் கடந்துபோன ஊரில் மண்ணும் ஓடுமாகக் கட்டிய குடியிருப்புகள் எத்தனை முறை எரிந்து எத்தனை முறை எழுந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அரசர்களின் வீடுகளே தங்கவில்லை. ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் பதினான்காம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தலைநகர்போல் வைத்துக்கொண்டு ஆண்டவர். இன்று ஊருக்குள் அவர் பெயரைத் தாங்கி நிற்பது அரண்மனை அல்ல, வல்லாள கோபுரம். அதைவிட உறுதியான நினைவுச்சின்னம் ஒரு சடங்கு. பிள்ளையில்லாத வல்லாளருக்கு அண்ணாமலையாரே மகன் என்பது ஐதீகம். மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி கௌதம நதிக்கரையில் அவருக்குத் திதி கொடுக்கிறார். அரண்மனைக்குச் செய்யாததை அரசருக்கு ஆண்டுதோறும் ஊர் செய்துவருகிறது.

சரி, வீடுகளுக்கு வருவோம்.

சன்னதித் தெரு, தேரடி தெரு, திருவூடல் தெரு, பே கோபுரத் தெரு, சின்னக்கடைத் தெரு, கொசமடத் தெரு. இந்தத் தெருக்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிற பழைய வீடுகள் பெரும்பாலும் ஒரே இலக்கணத்தில் கட்டப்பட்டவை. முகப்பு குறுகல், உள்ளே நீளம். தெருவோரம் திண்ணை, அதன்மேல் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம். உள்ளே ரேழி, கூடம், முற்றம், அதற்குப் பின்னால் சமையற்கட்டு, கிணறு, தோட்டம். பக்கச் சுவர்கள் அண்டை வீட்டுடன் பொதுச் சுவர். ஆகவே ஒரு வீட்டை இடித்தால் அடுத்த வீட்டுக்காரரின் சுவரிலும் விரிசல் விழுகிறது, அவரும் இடிக்க யோசிக்கத் தொடங்குகிறார். தெருவில் பழைய வீடுகள் வரிசையாக மறைவதற்கு இது ஒரு சாதாரணமான, ஆனால் அதிகம் பேசப்படாத காரணம்.

கூரை விஷயம் தனியாகச் சொல்லத் தக்கது. வசதியானவர்கள் ஓட்டுக்குப் பதில் மெத்தை போட்டார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று கட்டடக்காரர்கள் சொல்வது. தேக்கு உத்தரங்களை இடைவெளிவிட்டு நிறுத்தி, அச்சுக்கல் எனப்படும் சிறு செங்கற்களைக் குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே முட்டு தேவையில்லை. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் ஒட்டி நின்றுகொள்ளும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. ஒழுங்காகப் போட்ட மெத்தை மூன்று தலைமுறைக்கு ஒழுகாது. ஒழுகத் தொடங்கினால்தான் சிக்கல். இன்றைக்குக் கூப்பிட்டால் வருகிற கொத்தனாருக்குச் சிமெண்ட் தெரியும், சுண்ணாம்பு தெரியாது. அவர் விரிசலில் சிமெண்டைப் பூசுவார். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கிய ஈரம் உத்தரத்தை அரிக்கும். சில மழைக்காலம் கழித்து, பழைய வீடு பலமில்லை என்று அதே கொத்தனார் சொல்லுவார். பழைய வீடுகள் பல வயதால் சாகவில்லை, தப்பு வைத்தியத்தால் செத்தன.

திண்ணைக்கு இந்த ஊரில் ஒரு கூடுதல் பொறுப்பு உண்டு. நடந்து வருகிற யாத்திரிகருக்கு முதல் விடுதி அதுதான். இதற்கு நல்ல சாட்சி யோகி ராம்சுரத்குமார். வடக்கே கங்கைக்கரையில் பிறந்தவர், 1959இல் இங்கே வந்து சேர்ந்தார். ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு புன்னை மரத்தடியில் பகல். தேரடிப் பக்கத்துப் பாத்திரக் கடைகளின் தாழ்வாரத்தில் இரவு. இப்படியே ஆண்டுக்கணக்கில் இருந்தார். 1970களில் அன்பர்கள் சன்னதித் தெருவில் அவருக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்கள். அதன் முன்தாழ்வாரத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வருகிறவர்களைப் பார்த்தார். 1990களில் அக்ரஹாரக் கொல்லையில் அவருக்கு ஆசிரமம் எழுந்தது. இன்று வருகிறவர்கள் ஆசிரமத்தின் பெரிய மண்டபத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் அவருடைய வாழ்க்கையில் அதிக காலம் பங்கெடுத்த கட்டடங்கள் மூடிய கடைகளின் வாசலும் ஒரு தெரு வீட்டின் முகப்பும்தான்.

எச்சம்மாள் வீடும் அப்படித்தான். எச்சம்மாள் எனப்பட்ட மண்டகொளத்தூர் லட்சுமியம்மாள், கணவரையும் குழந்தைகளையும் அடுத்தடுத்து இழந்த துயரத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்தவர். ஊருக்குள் வீடு எடுத்துத் தங்கி, தினமும் சமைத்து மலையேறி ரமணருக்கும் உடனிருந்தவர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். 1945இல் இறக்கும்வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டு இதை விடவில்லை. ரமணரைப் பார்க்க வந்தவர்கள் பலர் தங்கியதும் அவர் வீட்டில்தான். காரைக்காலிலிருந்து வந்த முதலியார் பாட்டியும் இதே வேலையைச் செய்தார். ரமணர் மலையில் தங்கியிருந்த விரூபாட்ச குகையின் வரலாற்றில் பாதி, ஊருக்குள் இருந்த இந்தச் சமையற்கட்டுகளில் நடந்தது. குகைக்கு வழிகாட்டிப் பலகை இருக்கிறது. சமையற்கட்டுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

ரமணரின் வாழ்க்கையை இந்த ஊர்க் கட்டடங்களின் வழிகாட்டியாகவே படிக்கலாம். 1896 செப்டம்பர் 1 அன்று வந்து இறங்கிய பதினாறு வயதுப் பையன், கையிலிருந்த பட்சண மூட்டையை அய்யங்குளத்தில் எறிந்தான்; ஆயிரங்கால் மண்டபம், அதன் அடியிலிருந்த பாதாள லிங்கம், வாகன மண்டபம், இலுப்பைத் தோப்பு என்று மாறிக்கொண்டே இருந்தான். 1897இல் கீழ்நாத்தூர்ப் பக்கத்துக் குருமூர்த்தம். 1898இல் பவழக்குன்று, தாயார் அழகம்மாள் வந்து அழைத்தும் அசையாமல் இருந்தது அங்கேதான். 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகை. இடையில் பிளேக் வந்து ஊர் காலியானபோது பச்சையம்மன் கோயில். பிறகு கந்தாசிரமம், கந்தசாமி என்ற அன்பர் தன் கையாலேயே கரட்டைச் சமன்படுத்திக் கட்டியது, பெயரும் அவருடையதே. 1922இல் தாயார் மறைந்ததும் மலையடிவாரம்.

இவற்றில் இரண்டு கட்டடங்கள் சொல்கிற சேதி வேறு. விரூபாட்ச குகை ஒரு மடத்துக்குச் சொந்தம். ரமணரைப் பார்க்கக் கூட்டம் வரத் தொடங்கியதும், கார்த்திகைத் திருவிழா நாள்களில் மடத்தார் நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். அவர் எழுந்து வெளியே மரத்தடிக்குப் போய்விட்டார். மடத்தாருக்கு வருமானம் நின்றது, கட்டணமும் நின்றது. மற்றொன்று பாதாள லிங்கம். ஈரமும் பூச்சியும் நிறைந்து யாரும் எட்டிப் பார்க்காமல் கிடந்த அந்த நிலவறை, தலேயார்கான் என்ற பார்சிப் பெண்மணியின் முயற்சியால் செப்பனிடப்பட்டு 1949இல் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. பல நூற்றாண்டுப் பழமை அந்த அறையைக் காப்பாற்றவில்லை. ஒரு பையன் அங்கே உட்கார்ந்திருந்தான் என்ற நினைவு காப்பாற்றியது.

மடங்களின் கதை இன்னும் கசப்பானது. திருவண்ணாமலை ஒரு காலத்தில் மடங்களின் ஊர். சாதிக்கொன்று, தொழிலுக்கொன்று, ஊருக்கொன்று என்று மடங்களும் சத்திரங்களும் எழுந்தன. கார்த்திகைத் தீபத்துக்கு வருகிற தங்கள் மக்கள் தங்க, சமைக்க, சுவாமி புறப்பாட்டைப் பார்க்க. குன்றக்குடி ஆதீனத்தின் முழுப்பெயரிலேயே திருவண்ணாமலை இருக்கிறது என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. இங்கிருந்து வளர்ந்து தெற்கே குடிபெயர்ந்த மரபு அது. வடகிழக்கே ஈசான்ய மடம். மலைச்சரிவில் குகை நமசிவாயர் பெயரால் ஒன்று.

இவற்றோடு அம்மணியம்மாளைச் சொல்ல வேண்டும். செங்கத்தை அடுத்த சென்னசமுத்திரத்தில் பிறந்த இந்தத் துறவிப் பெண், வீடு வீடாகப் போய்ப் பிச்சையெடுத்துப் பணம் சேர்த்து, அரைகுறையாக நின்ற வடக்குக் கோபுரத்தை 171 அடிக்கு உயர்த்தினார். கூலி கொடுக்கக் காசில்லாதபோது அவர் கொடுத்த விபூதி காசாக மாறியது என்று ஊர் சொல்கிறது. அரசர் பெயரில் கோபுரங்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. பிச்சையெடுத்த பெண் ஒருத்தியின் பெயரில் நிற்கிற இத்தனை உயரக் கோபுரம் அரிது. கோபுரத்துக்கு எதிரே அவர் பெயரில் ஒரு மடமும் இருந்தது. 2023இல் அந்த இடத்திலிருந்த ஆக்கிரமிப்பை அறநிலையத் துறை அகற்றியது. நிலம் மீண்டது, அதோடு பழைய மடத்தின் கட்டடமும் இடிபட்டது. ஆக்கிரமிப்பை எடுத்தது சரியான காரியம். ஆனால் புல்டோசருக்கு நேற்றைய ஆக்கிரமிப்பும் பழைய சுவரும் ஒன்றுதான். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு பட்டியல் முன்கூட்டியே இருந்திருந்தால் வேலை வேறு மாதிரி நடந்திருக்கும்.

பட்டியல் ஏன் இல்லை? தமிழ்நாட்டில் தொன்மைச் சின்னங்களுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது கோட்டை, கல்வெட்டு, அகழாய்வு இடங்களுக்கானது. தெரு வீடுகளையும் சத்திரங்களையும் கணக்கில் எடுக்கும் மரபு ஆணையத்துக்கான சட்டம் 2012இல் நிறைவேறியது, நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. இதற்கிடையில் பௌர்ணமி கிரிவலம் பெருங்கூட்டமாயிற்று. 14 கிலோமீட்டர் பாதையைச் சுற்ற மாதந்தோறும் லட்சக்கணக்கில் வருகிறவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். நான்கு அண்ணன் தம்பிகளுக்குப் பாகம் பிரிக்க வேண்டிய வீட்டுக்கு லாட்ஜ்காரர் ஒரே தொகையாக விலை சொன்னால் குடும்பத்தைக் குறை சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், ஊருக்குள் இடமில்லாதவர்கள் மலைச்சரிவில் ஏறினார்கள். 2024 டிசம்பர் 1 அன்று புயல்மழையில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஒரு வீட்டிலிருந்த ஏழு பேர் மாண்டார்கள். தெருவுக்குள் நெருக்கடியும் சரிவில் ஆபத்தும் ஒரே வளர்ச்சியின் இரண்டு முனைகள்.

வெளியூர்களில் என்ன செய்தார்கள்? அமெரிக்காவின் தென்பகுதியில் சார்ல்ஸ்டன் என்ற துறைமுக ஊர் 1931இலேயே பழைய வீடுகள் உள்ள பகுதிக்குத் தனிக் கட்டட விதி போட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், பாண்டிச்சேரி நம் பக்கத்து ஊர். அங்கே தமிழர் பகுதியில் வைசியாள் வீதி முகப்புகளை, திண்ணையும் தாழ்வாரமுமாக, இன்டாக் அமைப்பு வீட்டுக்காரர்களோடு சேர்ந்து செப்பனிட்டது. செலவில் ஒரு பங்கைத் திட்டம் ஏற்றது, மறுபங்கை வீட்டுக்காரர். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. அதே பாண்டிச்சேரியில் பராமரிப்பில்லாத மேரி என்ற நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே புதிதாகக் கட்டினார்கள். தெரு வீடுகளைக் காப்பாற்றிய ஊரில் அரசுக் கட்டடம் விழுந்தது என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

திருவண்ணாமலை வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1980களில் இங்கே தங்கி வேலை செய்து, கோயில், கல்வெட்டு, விழா, ஊர் என்று ஐந்து தொகுதிகள் வெளியிட்டிருக்கிறார்கள். கடைசித் தொகுதி ஊரைப் பற்றியதே. அதை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து எது நிற்கிறது, எது போயிற்று என்று குறிப்பது கல்லூரி மாணவர்கள் இரண்டு விடுமுறையில் முடிக்கக் கூடிய வேலை. ஊர் 2024இல் மாநகராட்சியாகியிருக்கிறது. கட்டட அனுமதி கொடுக்கிற அலுவலகத்தில் அந்தப் பட்டியலின் ஒரு பிரதி இருந்தால் போதும், இடிக்கும் மனு வரும்போது ஒரு கேள்வியாவது எழும்.

கூடவே, இந்த அவையில் இருக்கிற பழைய குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரங்கள் இருக்கும். அவற்றில் சொத்துக்குச் செக்குபந்தி எழுதியிருப்பார்கள்: கிழக்கே இன்னார் வீடு, தெற்கே இன்ன மடத்துச் சுவர், மேற்கே சத்திரத்துக் கிணறு, வடக்கே ராஜவீதி. இன்று தடமே இல்லாத கட்டடங்களின் பெயரும் இடமும் அந்த நான்கு வரிகளில் பதிந்திருக்கின்றன. மூலப் பத்திரத்தைக் கொடுக்க வேண்டாம். விலை, பங்கு விவரங்களை மறைத்துவிட்டு, செக்குபந்திப் பகுதியை மட்டும் படமெடுத்துக் கொடுங்கள். தெரு வாரியாக அவற்றை அடுக்கினால், நூறாண்டுக்கு முந்தைய மாட வீதியின் வரைபடத்தை வீடு வீடாக நிரப்பத் தொடங்கிவிடலாம். சன்னதித் தெருவிலிருந்து ஆரம்பிப்பது சுலபம்.